காய்ச்சல் போன பிறகும் போகாத நோவு

2006 ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில், வடகீழ்ப் பருவமழை மட்டக்களப்பு வாவியை நிரப்பிக்கொண்டிருந்த காலத்தில், கிழக்கிலங்கையின் கரையோர ஊர்களில் திடீர்க் காய்ச்சலும் தாங்க முடியாத மூட்டு நோவும் சேர்ந்த ஒரு நோய் வீடு வீடாகப் பரவியது. மட்டக்களப்பு, கல்முனை, திருகோணமலை, யாழ்ப்பாணம், மன்னார், புத்தளம், கொழும்பு ஆகிய இடங்களில் ஏறத்தாழ ஒரே காலத்தில் தலைகாட்டிய அந்நோய் சிக்குன்குன்யா என உறுதிசெய்யப்பட்டது. இலங்கையில் 1960களில் பதிவாகி, அதன் பின் நாற்பது ஆண்டுகள் மருத்துவர்களின் நினைவிலிருந்தே விலகியிருந்த அந்த வைரஸ், 2004 இல் கென்யாவின் கரையோரத்தில் மீண்டும் எழுந்து, 2005 - 2006 இல் இந்து சமுத்திரத்தின் ரீயூனியன் தீவில் மக்கள்தொகையில் மூன்றிலொரு பங்கினரைத் தாக்கி, 2006 இல் இந்தியாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் படுக்கையில் கிடத்திய பின்னரே இலங்கையின் கரைகளுக்கு வந்து சேர்ந்தது.

காய்ச்சல் பெரும்பாலானோரிடம் ஒரு வாரத்துக்குள் நீங்கிவிட்டது. ஆனால் மூட்டு நோவு அனைவரையும் அவ்வாறு விட்டுப் போகவில்லை. சிலருக்குச் சில வாரங்களில் தணிந்த நோவு வேறு சிலருக்கு மாதக்கணக்கில் நீடித்தது. உலகெங்கும் இந்நோய் பரவிய இடங்களில் எல்லாம் ஒரு பகுதியினருக்கு அது ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தமை பதிவாகியுள்ளது. காலையில் விறைத்துப்போகும் விரல்கள், இரு கைகளிலும் ஒரே விதமாக வீங்கும் மணிக்கட்டுகள், நாள் முழுவதும் விடாத சோர்வு என இந்த நீண்டகால நோவின் குறிகள் முடக்குவாதத்தின் குறிகளையே பெரிதும் ஒத்திருக்கின்றன. கிளினிக் அட்டைகளில் ருமட்டோயிட் ஆத்ரைட்டிஸ் என எழுதப்படும் முடக்குவாதமோ, உடலைக் காக்க வேண்டிய நிர்ப்பீடனத் தொகுதி உடலின் சொந்த மூட்டுகளையே தாக்குவதால் வரும் நோயாகும். நுளம்பு கொண்டுவந்த ஒரு வைரஸ், தான் போன பிறகும் உடலை அவ்வுடலுக்கெதிராகவே திருப்பிவிட்டுச் செல்ல முடியுமா என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது. உலக மருத்துவ அறிவியல் நூறாண்டுக்கும் மேலாக வெவ்வேறு வடிவங்களில் கேட்டுவரும் இக்கேள்விக்கு வாவிக்கரை மக்களின் மூட்டுகளும் ஒரு சான்றாக நிற்கின்றன.

தன்னையும் பிறரையும் பிரித்தறிதல்

நிர்ப்பீடனத் தொகுதி என்பது கிருமிகளிடமிருந்து உடலைக் காக்கும் கலங்களும் அவை சுரக்கும் பொருள்களும் சேர்ந்த ஓர் அமைப்பு. அதில் பி கலங்கள் எனப்படும் ஒருவகை வெண்குருதிக் கலங்கள் பிறபொருளெதிரிகளை உண்டாக்குகின்றன. பிறபொருளெதிரி என்பது உள்ளே நுழைந்த அந்நியப் பொருளின் குறிப்பிட்ட ஒரு வடிவத்தை இனங்கண்டு அதனுடன் ஒட்டிக்கொள்ளும் புரதமாகும். ரி கலங்கள் எனப்படும் மற்றொரு வகையினவோ, வைரஸ் புகுந்த கலங்களைக் கண்டறிந்து அழிப்பதுடன், ஏனைய கலங்களுக்கு எப்போது போரிட வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்ற கட்டளைகளையும் இடுகின்றன. உலகில் எந்தக் கிருமி எந்த வடிவத்தில் வரும் என்பதை முன்கூட்டியே அறிய முடியாததால், இக்கலங்கள் எண்ணற்ற வடிவங்களை இனங்காணக்கூடியவையாகத் தற்செயலான முறையில் உருவாக்கப்படுகின்றன. அவ்வாறு உருவாகும்போது உடலின் சொந்தப் புரதங்களையே எதிரியாகக் காணும் கலங்களும் தவிர்க்க முடியாமல் தோன்றிவிடுகின்றன.

அத்தகைய கலங்களைக் களைந்தெடுக்கும் வேலை, ரி கலங்களைப் பொறுத்தவரை, நெஞ்செலும்பின் பின்னே உள்ள தைமசுச் சுரப்பியில் நடைபெறுகிறது. எனினும் வலைக் கண்ணைவிடச் சிறிய மீன்கள் தப்பிப் போவதைப் போல, உடலின் புரதங்களுடன் வலுவின்றி ஒட்டும் கலங்கள் சில இந்தச் சோதனையைக் கடந்து குருதியில் கலந்துவிடுகின்றன. ஆரோக்கியமான ஒவ்வொருவரின் உடலிலும் அவை இருக்கின்றன; வேறு கட்டுப்பாடுகள் அவற்றை அடக்கி வைத்திருப்பதால் தீங்கு நேர்வதில்லை. அந்த அடக்கம் தளரும்போது தோன்றுபவையே தன்னுடல் தாக்கு நோய்கள். மூட்டுகள் தாக்கப்பட்டால் முடக்குவாதம், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கலங்கள் அழிக்கப்பட்டால் முதலாம் வகை நீரிழிவு, மூளையிலும் முண்ணாணிலும் நரம்புகளைச் சுற்றியுள்ள மயலின் உறை சிதைக்கப்பட்டால் மல்டிப்பிள் ஸ்கிலிரோசிஸ், தோல், சிறுநீரகம், மூட்டு எனப் பல உறுப்புகள் ஒருசேரத் தாக்கப்பட்டால் லூப்பஸ் என அவை வெவ்வேறு பெயர்களைப் பெறுகின்றன.

இந்நோய்களுக்குப் பரம்பரை ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. முடக்குவாதத்தின் அபாயத்தை எச்.எல்.ஏ. எனப்படும் பரம்பரையலகுத் தொகுதியின் சில வடிவங்கள் கூட்டுகின்றன. கிருமியின் துண்டுகளை ரி கலங்களுக்கு எடுத்துக் காட்டும் புரதங்களை ஆக்குபவை அவையே. ஆயினும், ஒரே பரம்பரையலகுகளைக் கொண்ட ஒத்த இரட்டையரில் ஒருவருக்கு முடக்குவாதம் வந்தால் மற்றவருக்கும் அது வருவது ஏறத்தாழ 15 சதவீதமான சோடிகளில் மட்டுமே. பரம்பரை நிலத்தைப் பண்படுத்தி வைக்கிறதே தவிர நோயைத் தானே விளைவிப்பதில்லை என்பதை இந்த ஒரு தரவே காட்டிவிடுகிறது. மீதிக் காரணத்தைத் தேடும் ஆய்வாளர்கள் புகைத்தல், ஓமோன்கள், குடலில் வாழும் நுண்ணுயிர்கள் ஆகியவற்றுடன் வைரஸ்களையும் கூர்ந்து நோக்கி வருகிறார்கள்.

எல்லோரிடமும் உள்ள வைரஸ்

ஒரு வைரஸ் ஒரு தன்னுடல் தாக்கு நோயைத் தூண்டுகிறது என்று நிறுவுவதில் இரண்டு பெரும் தடைகள் உள்ளன. நோய்க்குறிகள் தோன்றும் வேளையில் அதைத் தூண்டிய தொற்று பல ஆண்டுகளுக்கு முன்பே முடிந்திருக்கலாம் என்பது முதலாவது. சந்தேகிக்கப்படும் வைரஸ்கள் பலவும் ஏறக்குறைய எல்லா மனிதரையும் தொற்றுபவை என்பதால், நோயாளிகளிடம் அவை இருப்பது எதையும் நிறுவிவிடாது என்பது இரண்டாவது. இந்த இரு தடைகளுக்கும் தலைசிறந்த எடுத்துக்காட்டு எப்ஸ்டீன் - பார் வைரஸ். 1964 இல் இலண்டனில் அன்டனி எப்ஸ்டீன், பெர்ட் ஏச்சொங், இவோன் பார் ஆகியோர் கண்டறிந்த இந்த வைரஸ் உமிழ்நீர் வழியே பரவி, உலகின் வயதுவந்தோரில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேலானவர்களின் பி கலங்களில் வாழ்நாள் முழுவதும் ஒளிந்து தங்கியிருக்கிறது.

இந்த முட்டுக்கட்டையை 2022 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு வியக்கத்தக்க பொறுமையுடன் தாண்டியது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்பெர்ட்டோ அஸ்கெரியோவும் அவருடைய குழுவினரும், ஐக்கிய அமெரிக்காவின் படைத்துறையில் இருபது ஆண்டுக்காலத்தில் பணிபுரிந்த ஒரு கோடிக்கும் மேற்பட்டோரிடமிருந்து எச்.ஐ.வி. சோதனைக்காக எடுக்கப்பட்டுச் சேமிக்கப்பட்டிருந்த குருதி மாதிரிகளைப் பயன்படுத்தி, பின்னாளில் மல்டிப்பிள் ஸ்கிலிரோசிஸ் கண்ட 801 பேரின் பழைய மாதிரிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தனர். அவர்களுள் ஒருவரைத் தவிர ஏனைய அனைவரும் நோய் தோன்றுவதற்கு முன்னரே எப்ஸ்டீன் - பார் வைரஸின் தொற்றுக்கு உள்ளாகியிருந்தனர்; தொற்றில்லாதவர்களுடன் ஒப்பிடும்போது தொற்றியவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடியிருந்தது. நரம்புக் கலங்கள் சேதமடையும்போது குருதியில் கசியும் ஒரு புரதத்தின் அளவும் தொற்றுக்குப் பிறகே உயரத் தொடங்கியது. அதே போல உமிழ்நீர் வழியே பரவும் சைட்டோமெகலோ வைரஸ் தொற்றியவர்களிடம் இவ்வாறான உயர்வு எதுவும் இருக்கவில்லை. காலவரிசையில் வைரஸ் முந்தியதையும் நோய் பிந்தியதையும் ஒரே மனிதரின் குருதியில் அடுத்தடுத்துக் காட்டியதே இந்த ஆய்வின் வலிமை.

அதற்கும் கால் நூற்றாண்டுக்கு முன்பே, 1997 இல், லூப்பஸ் நோயுற்ற சிறுவர்களையும் இளையோரையும் ஆராய்ந்த அமெரிக்க ஆய்வொன்று, 117 நோயாளிகளில் 116 பேரிடம் இந்த வைரஸின் தொற்றுக்கான அடையாளத்தைக் கண்டது. நோயற்ற இளையோரிடம் அது ஏறத்தாழ 70 சதவீதமாகவே இருந்தது. இலங்கை, இந்தியா போன்ற நாடுகளில் குழந்தைப் பருவத்திலேயே பெரும்பாலானோருக்கு இத்தொற்று ஓசையின்றி வந்து போய்விடுகிறது. மல்டிப்பிள் ஸ்கிலிரோசிஸும் இந்நாடுகளில் மேலை நாடுகளைவிட மிகக் குறைவாகவே காணப்படுகிறது. எனவே எந்த வைரஸ் என்பதைப் போலவே எந்த வயதில் அது வருகிறது என்பதும் முக்கியம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். தொற்றியவர்களில் மிகச் சிறிய ஒரு பகுதியினருக்கே நோய் வருகிறது என்பதையும் இங்கே மறக்கலாகாது. வைரஸ் தேவையான காரணமாக இருந்தாலும் அது மட்டுமே போதுமான காரணமாக இருப்பதில்லை.

வைரஸ் உடலைத் திசைதிருப்பும் வழிகள்

தொற்று ஒன்று எவ்வாறு தன்னுடல் தாக்குதலாக மாற முடியும் என்பதற்கு அறிவியல் நான்கு முதன்மையான வழிகளைச் சுட்டுகிறது. முதலாவது மூலக்கூற்று ஒப்புமை: கிருமியின் புரதத்தில் உள்ள ஒரு சிறு பகுதி உடலின் ஒரு புரதத்தை ஒத்திருந்தால், கிருமிக்கு எதிராக எழுந்த பிறபொருளெதிரிகளும் ரி கலங்களும் உடலின் புரதத்தையும் தாக்கக்கூடும். இலங்கையின் மருத்துவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்த வாதக் காய்ச்சல் இதற்குத் தெளிவான சான்று. தொண்டையைத் தாக்கும் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற பற்றீரியாவுக்கு எதிராக உடல் எழுப்பும் தாக்குதல், ஒப்புமையின் காரணமாக இதயத்தின் தசையையும் வால்வுகளையும் புண்படுத்திவிடுகிறது. வைரஸ்களிலும் இது நிகழ்வதை 2022 இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினர். எப்ஸ்டீன் - பார் வைரஸின் ஒரு புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரி, மூளையின் மயலின் உறையைப் பேணும் கலங்களில் உள்ள கிளையல்காம் என்ற புரதத்துடனும் ஒட்டிக்கொள்வதை அவர்கள் மல்டிப்பிள் ஸ்கிலிரோசிஸ் நோயாளிகளிடம் கண்டனர்.

இரண்டாவது வழி, பக்கத்தில் இருப்பவை தூண்டப்படுதல். வைரஸ் ஒரு திசுவில் பெருகும்போது அங்கே அழற்சியை உண்டாக்கும் இரசாயனச் செய்திகள் பெருமளவில் சுரக்கப்படுவதால், அதுவரை அடங்கிக் கிடந்த, உடலின் புரதங்களை இனங்காணும் கலங்களும் விழித்தெழுகின்றன. மூன்றாவது, தாக்குதல் பரவுதல். வைரஸினால் சிதைந்த கலங்களின் உள்ளே மறைந்திருந்த புரதங்கள் வெளிப்பட்டு, நிர்ப்பீடனத் தொகுதியின் கண்ணில் புதிதாகப் பட்டு, ஒரு புரதத்தில் தொடங்கிய தாக்குதல் பல புரதங்களுக்கு விரிகிறது. நான்காவது, எச்சங்கள் தங்குதல். வைரஸ் முழு உயிர்ப்புடன் இல்லாவிட்டாலும் அதன் மரபுப்பொருளோ புரதத் துண்டுகளோ ஒரு திசுவில் நெடுங்காலம் தங்கி அழற்சியை அணையவிடாமல் வைத்திருக்கலாம். ஒரே நோயில் இந்நான்கும் ஒன்றன் பின் ஒன்றாகவோ ஒருங்கேயோ நிகழக்கூடும் என்பதே இத்துறையின் சிக்கல்.

முதலாம் வகை நீரிழிவு இந்தச் சிக்கலின் இன்னொரு முகம். கொக்சாக்கி பி என்னும் வைரஸ்கள், குடல் வழியே பரவும் என்டரோவைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை. 1979 இல், திடீரென நீரிழிவு முற்றி உயிரிழந்த ஒரு சிறுவனின் கணையத்திலிருந்து இக்குழுவின் ஒரு வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டு, எலிகளுக்குச் செலுத்தப்பட்டபோது அவற்றுக்கும் நீரிழிவை உண்டாக்கியது. பல நாடுகளில் பிறந்த பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் டெடி என்ற பேராய்வு, ஒரே என்டரோவைரஸ் குடலில் நீண்ட காலம் தங்கியிருந்த குழந்தைகளிடம் கணையக் கலங்களுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் தோன்றும் வாய்ப்பு கூடுவதாக 2019 இல் அறிவித்தது. தொற்று வந்து போனதைவிட அது போகாமல் தங்கியதே அபாயத்தைக் கூட்டியது என்ற இந்தக் கண்டுபிடிப்பு, மூட்டுகளைப் பற்றிய கேள்விக்கும் நெருங்கிய தொடர்புடையது.

நாள் தெரிந்த நோய்

எப்ஸ்டீன் - பார் வைரஸைப் போலன்றி, சிக்குன்குன்யா தான் வந்த நாளை அறிவித்துவிட்டே வருகிறது. தொற்றியவர்களில் பெரும்பாலானோருக்குக் குறிகள் தோன்றுகின்றன. காய்ச்சல் எந்தக் கிழமை தொடங்கியது, எந்த மூட்டு முதலில் நொந்தது என்பதை நோயாளியே சொல்லக்கூடியவராக இருக்கிறார். ஒரே ஊரில் ஒரே மாதத்தில் பல்லாயிரம் பேர் பாதிக்கப்படுவதால் அவர்களுள் குணமானவரையும் குணமாகாதவரையும் ஒப்பிட்டுப் பார்க்கவும் முடிகிறது. வைரஸ் தூண்டும் மூட்டழற்சியை அதன் முதல் நாளிலிருந்தே கவனிக்கக் கிடைத்த அரிய வாய்ப்பு இது. அதனாலேயே ரீயூனியன், இந்தியா, இலங்கை, பின்னர் 2013 முதல் கரிபியத் தீவுகள், 2014 முதல் கொலம்பியா என இந்நோய் பரவிய இடங்கள் எல்லாம் தன்னுடல் தாக்கு நோய்களின் ஆய்வாளர்களையும் ஈர்த்தன.

மூட்டுவாத நிபுணர் ஒருவர் இத்தகைய நோயாளியின் கையைச் சோதிக்கும் முறையே நோயின் இயல்பை விளக்கிவிடும். விரல்கள் உள்ளங்கையுடன் சேரும் கணுக்களின் வரிசையை இரு பக்கங்களிலிருந்தும் பிடித்து அவர் மெல்ல அழுத்துகிறார்; ஆரோக்கியமான கையில் அந்த அழுத்தம் ஒரு பொருட்டே அல்ல, ஆனால் கணுக்களின் உட்புறத்தை மூடியுள்ள மென்சவ்வு அழற்சியால் தடித்திருந்தால் நோயாளி சட்டென்று கையை இழுத்துக்கொள்வார். பிறகு மணிக்கட்டின் மேற்புறத்தை விரல் நுனிகளால் தடவும்போது எலும்பின் கடினத்துக்குப் பதிலாக நீர் கோத்த மென்மை தட்டுப்படும். காலையில் விழித்தபின் விரல்களை முழுதாக மடக்க எவ்வளவு நேரமாகிறது என்ற கேள்விக்கு, அரைமணி நேரத்துக்கும் மேல் என்ற விடை வந்தால், அது தேய்வினால் வரும் நோவல்ல, அழற்சியால் வரும் நோவு என அவர் ஐயுறுகிறார். வீச்சுவலை எறிபவருக்கும், பெரும்போகத்தில் வயலில் குனிந்து நிற்பவருக்கும், பன்பாய் இழைப்பவருக்கும், அந்த அரைமணி நேரம் ஒரு நாளின் கூலியையே தீர்மானித்துவிடும்.

இந்தக் கைகள் முடக்குவாதத்தின் கைகளை எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதை 2015 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. 2014 இல் எயிட்டிக்குச் சென்று சிக்குன்குன்யா தொற்றித் திரும்பிய பத்துப் பேரைப் பரிசோதித்தபோது, அவர்களுள் எட்டுப் பேர் முடக்குவாதத்தைத் தீர்மானிக்கப் பன்னாட்டு மருத்துவக் கழகங்கள் 2010 இல் வகுத்த அளவுகோல்களை நிறைவுசெய்திருந்தனர். அவர்களுடைய ரி கலங்கள் தூண்டப்பட்டிருந்த விதமும் முடக்குவாத நோயாளிகளுடையதைப் போன்றே இருந்தது. ஆனால் முக்கியமான ஒரு வேறுபாடும் உண்டு. முடக்குவாத நோயாளிகளில் பெரும்பாலானோரின் குருதியில், இரசாயன மாற்றத்துக்கு உள்ளான உடற்புரதங்களைத் தாக்கும் சி.சி.பி. எதிர் பிறபொருளெதிரி காணப்படும். சிக்குன்குன்யாவுக்குப் பிந்திய மூட்டழற்சியில் அது பெரும்பாலும் காணப்படுவதில்லை.

அப்படியானால் மூட்டில் அழற்சியை அணையாமல் வைத்திருப்பது எது? ரீயூனியன் ஆய்வாளர்கள் 2010 இல், காய்ச்சல் கண்டு 18 மாதங்கள் கழிந்த ஒரு நோயாளியின் மூட்டுச் சவ்வில், கழிவுகளை விழுங்கும் மக்ரோபேஜ் கலங்களுக்குள் வைரஸின் மரபுப்பொருள் இருப்பதைக் கண்டனர்; எச்சங்கள் தங்கும் வழிக்கு இது சான்றாயிற்று. ஆனால் 2018 இல் வெளியான கொலம்பிய ஆய்வில், தொற்றுக்கு ஏறத்தாழ 22 மாதங்களின் பின் எடுக்கப்பட்ட மூட்டு நீரில் வைரஸின் மரபுப்பொருளோ புரதமோ உயிர்ப்புள்ள வைரஸோ கிடைக்கவில்லை. வைரஸ் போன பிறகும் நிர்ப்பீடனத் தொகுதி அடங்காமல் இருப்பதையே இது சுட்டுகிறது. மூட்டு நீரில் இல்லாதது சவ்வின் ஆழத்தில் இருக்கலாம் என்பதாலும், எல்லா நோயாளிகளிலும் ஒரே வழிதான் செயற்படுகிறது என்று கொள்ள வேண்டியதில்லை என்பதாலும் இவ்விரு முடிவுகளையும் முரணானவையாகக் கருதத் தேவையில்லை. சிங்கப்பூரில் எலிகளில் நடத்தப்பட்ட ஆய்வொன்று, கட்டளையிடும் சி.டி.4 வகை ரி கலங்கள் இல்லாத எலிகளில், வைரஸ் இருந்தபோதிலும் மூட்டு வீக்கம் பெரிதும் குறைவதை 2013 இல் காட்டியது. மூட்டைப் புண்படுத்துவதில் வைரஸைவிட அதற்கு உடல் காட்டும் எதிர்ப்பின் பங்கே பெரிது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று அரிது.

இவற்றையெல்லாம் ஒருசேர நோக்கும்போது தேறும் முடிவு இதுவே: சிக்குன்குன்யாவுக்குப் பிந்திய மூட்டழற்சி பெரும்பாலானோரிடம் முடக்குவாதத்தைப் போன்ற தோற்றமுடைய தனியான ஒரு நோயாக இருந்து மெல்லத் தணிகிறது; சிறு தொகையினரிடம், ரீயூனியன் மருத்துவர்கள் 2009 இலேயே விவரித்தவாறு, அது மூட்டுகளை அரிக்கும் உண்மையான முடக்குவாதமாக உருவெடுக்கிறது. நடு வயதைத் தாண்டியவர்கள், பெண்கள், முதல் வாரத்தில் கடுமையாக நோயுற்றவர்கள், முன்பே மூட்டு நோய் இருந்தவர்கள் ஆகியோரிடம் நோவு நீடிக்கும் வாய்ப்பு கூடுதலாகக் காணப்படுகிறது. வைரஸ் தூண்டுகிறது, யாருடைய உடலில், எந்த வயதில், எத்தகைய பரம்பரையின் மீது அது விழுகிறது என்பதே பின்விளைவைத் தீர்மானிக்கிறது.

வாவிக்கரையின் தனித்தன்மை

ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரை ஐம்பது கிலோமீற்றருக்கும் மேலாக நீளும் மட்டக்களப்பு வாவி, கடல் நீரும் மழை நீரும் கலந்த உவர் நீரைக் கொண்டது. மாரியில் அதன் உப்பு குறைந்து கோடையில் கூடுகிறது. சிக்குன்குன்யாவையும் டெங்குவையும் பரப்பும் ஈடிஸ் ஈஜிப்தி, ஈடிஸ் அல்போபிக்டஸ் ஆகிய நுளம்புகள் நன்னீரில் மட்டுமே முட்டையிடும் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டு வந்தது. 2011 இல் ரஞ்சன் ராமசாமி, சி. நோபல் சுரேந்திரன் ஆகியோர் கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வினோபாபா உள்ளிட்ட ஆய்வாளர்களுடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, இலங்கையின் கரையோரங்களில் அந்நம்பிக்கையைத் தகர்த்தது. வீசப்பட்ட பிளாஸ்டிக், கண்ணாடிப் பாத்திரங்களிலும், கரையில் கைவிடப்பட்ட மீன்பிடிப் படகுகளின் அடித்தட்டில் தேங்கிய நீரிலும், பாவனையில் இல்லாத கிணறுகளிலும், ஆயிரத்தில் 2 முதல் 15 பங்கு வரை உப்புள்ள நீரில் இந்நுளம்புகளின் குடம்பிகள் உயிருடன் வளர்வதை அவர்கள் கண்டனர்; கடல் நீரின் உப்பு ஏறத்தாழ ஆயிரத்தில் 35 பங்கு என்பதை நினைத்தால், பாதி கடல்நீருக்குச் சற்றே குறைந்த உவர்ப்பிலும் அவை வாழ்கின்றன என்பது விளங்கும். பூச்சாடியையும் டயரையும் சிரட்டையையும் தேடிப் போகும் நுளம்பு ஒழிப்புப் பணி, வாவிக்கரையில் பழைய தோணிகளின் உள்ளேயும் எட்டிப் பார்க்க வேண்டும் என்பதே இதன் நடைமுறைப் பொருள்.

2006 ஆம் ஆண்டின் பரவல் இப்பகுதிக்கு வந்த வேளையும் கொடியது. அந்த ஆண்டின் பிற்பகுதியிலும் 2007 இன் தொடக்கத்திலும் போரின் காரணமாக வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்து முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் நெருக்கமாகத் தங்கியிருந்தனர். வைரஸ் எளிதில் பரவுவதற்கும், நோயுற்றவர் எவர், அவருக்குப் பின்னர் என்ன ஆயிற்று என்று எவரும் பின்தொடராமல் போவதற்கும் இதைவிட ஏற்ற சூழல் இருக்க முடியாது. ஆகவே, அந்தக் காய்ச்சலுக்குப் பின் ஆண்டுக்கணக்கில் மூட்டு நோவுடன் வாழ்ந்தவர்களின் துன்பம் பெரும்பாலும் ஏட்டில் ஏறாத துன்பமாகவே போயிற்று.

நோயாளிகளுக்கு இந்த அறிவினால் நேரடிப் பயன் உண்டு. காய்ச்சலின் முதல் நாட்களில் டெங்கு அல்ல என்று உறுதியாகும் வரை, நோவு தாங்க முடியாததாக இருந்தாலும் பரசிற்றமோலைத் தவிர அஸ்பிரின், டைக்ளோபெனாக் போன்ற நோவு நிவாரணிகளைத் தவிர்க்க வேண்டும். டெங்குவாக இருந்தால் அவை குருதிக் கசிவைக் கூட்டக்கூடும். மூன்று மாதங்களைத் தாண்டியும் வீக்கமும் காலை விறைப்பும் நீடித்தால் அது நாட்பட்ட நிலை எனக் கொள்ளப்படுவதால், மூட்டுவாத நிபுணரின் கிளினிக்கை நாடுவது இன்றியமையாதது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீரொய்ட் மாத்திரைகள் சில நாட்களில் நிம்மதி தந்தாலும், நீரிழிவையும் எலும்புத் தேய்வையும் கூட்டுவதுடன் உண்மையான முடக்குவாதத்தை மறைத்தும் விடுகின்றன. மூட்டுகளை அரிக்கும் நோய் என்று உறுதியானால், நிர்ப்பீடனத் தொகுதியைத் தணிக்கும் மெதோட்ரெக்சேட் போன்ற மருந்துகளை நிபுணரின் மேற்பார்வையில் உரிய காலத்தில் தொடங்குவது விரல்களைக் கோணாமல் காக்கும். "காய்ச்சல்தானே, போய்விட்டது" என்று இந்த நோவைத் தள்ளிவிடுவதும், எந்தப் பரிசோதனையும் இன்றி "வாதம்" என்று வாழ்நாள் முத்திரை குத்துவதும் ஒரே அளவு தவறானவை.

முன்னுதாரணம் ஒன்று

வைரஸ் ஒன்றைத் தடுப்பதால் அது தூண்டும் பிற்கால நோயையும் தடுக்க முடியும் என்பதற்கு இலங்கையிலேயே முன்னுதாரணம் உள்ளது. கருவுற்ற தாயை ரூபெல்லா வைரஸ் தொற்றினால் பிள்ளை கண், காது, இதயக் குறைகளுடன் பிறக்கலாம். அவ்வாறு பிறந்தவர்களை நெடுங்காலம் பின்தொடர்ந்த வெளிநாட்டு ஆய்வுகள், நீரிழிவும் தைரொய்ட் சுரப்பிக்கு எதிரான தன்னுடல் தாக்குதலும் அவர்களிடம் வழமைக்கு மாறாக மிகுந்திருப்பதைக் காட்டின. 1996 இல் ரூபெல்லாத் தடுப்பூசியைத் தேசியத் திட்டத்தில் சேர்த்த இலங்கை, அந்நோயை ஒழித்துவிட்டதாக 2020 இல் உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. கண்ணையும் இதயத்தையும் காக்கவே போடப்பட்ட அந்த ஊசி, கணையத்துக்கும் தைரொய்ட்டுக்கும் வந்திருக்கக்கூடிய தீங்கையும் சேர்த்தே தடுத்தது. சிக்குன்குன்யாவுக்கும் 2023 முதல் தடுப்பூசிகள் சில நாடுகளில் அனுமதி பெறத் தொடங்கியுள்ளன. எனினும் அவற்றுள் முதலில் வந்த உயிருள்ள வைரஸ் தடுப்பூசிக்கு, முதியோரிடம் கண்ட பாரதூரமான பக்கவிளைவுகளை அடுத்து, 2025 இல் ஐக்கிய அமெரிக்காவில் உரிமம் இடைநிறுத்தப்பட்டது. ஆகவே நுளம்பைக் கட்டுப்படுத்துவதே இன்றைக்கும் முதன்மையான தடுப்பு.

இதே 2025 இல் சிக்குன்குன்யா கொழும்பையும் கண்டியையும் உள்ளிட்ட இடங்களில் மீண்டும் பரவியது. இந்த வைரஸ் மறைந்து மறைந்து திரும்பும் இயல்புடையது. அது மீண்டும் வாவிக்கரைக்கு வரும்போது 2006 இல் தவறவிட்டதைத் தவறவிடாமல் இருக்க வேண்டும். அதற்குப் பெரும் செலவுள்ள ஆய்வுக்கூடம் எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு காய்ச்சலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பதிவேட்டில் ஏறும்போது அதன் நாளும் குருதிச் சோதனையின் முடிவும் குறிக்கப்பட்டு, மூன்றாம் மாதத்திலும் ஓராண்டிலும் அதே ஆள் மூட்டுகளைப் பற்றிக் கேட்கப்பட்டு, நோவு நீடிப்பவர் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டு, அங்கே அவருடைய சி.சி.பி. சோதனை முடிவு அந்தப் பழைய காய்ச்சலின் பதிவுடன் இணைக்கப்பட்டால் போதும். அமெரிக்கப் படைத்துறையின் சேமிப்பறையில் கிடந்த குருதிக் குப்பிகளே ஒரு நூற்றாண்டுக் கேள்விக்கு விடை தந்தன. அந்த விடையைச் சாத்தியமாக்கியது தொற்றுக்கு முன்னும் பின்னும் தொடர்ந்து எழுதப்பட்ட பதிவு. வைத்தியசாலையும் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்வியும் ஒரே மாவட்டத்தில் அமைந்துள்ள மட்டக்களப்பினால் அத்தகைய பதிவைத் தொடங்க முடியும். அதனால் முதலில் பயன்பெறப் போகிறவர்கள், காலையில் விரல்களை மடக்க முடியாமல் வேலைக்குப் போகத் தவிக்கும் இப்பகுதி மக்களே.